மருத்துவ மேதை பால் எர்லிக்

நம் பள்ளிகளின் அறிவியல் ஆய்வுக்கூட அலமாரியில் மெத்திலீன் நீலம் என்னும் சாயப் புட்டி ஒன்று இருக்கும். கன்னத்தின் உட்புறத்தைப் பற்குச்சியால் மெல்லச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் தடவி, அச்சாயத்தில் ஒரு துளி விட்டால், அதுவரை புலப்படாதிருந்த செல்லின் உட்கரு நீல நிறத்தில் தெளிவாகத் தெரியும். அறிவியல் ஆசிரியர் இதனைக் காட்டும்போது மாணவரோடு மாணவராக நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். நான் வரலாறு பயின்றவன். ஆயினும், ஒரு சாயம் ஒன்றைப் பற்றி மற்றொன்றை விட்டுவிடுவது ஏன் என்னும் வினாவை வாழ்நாள் முழுவதும் விடாது பற்றிக்கொண்டிருந்த ஒருவரின் வரலாறு என் உள்ளத்தை நெடுநாளாக ஈர்த்து வந்துள்ளது. வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு நம் சங்கத்தார் பணித்தபோது அவர் பெயரே முதலில் நினைவுக்கு வந்தது. அவர்தாம் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் பால் எர்லிக்.

எர்லிக் 1854 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14 ஆம் நாள், அன்றைய பிரஷ்ய அரசுக்குட்பட்ட சைலீசியா மாநிலத்தில் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தை இஸ்மார் விடுதி நடத்தியும் மது வடித்தும் வந்தவர். அரசு லாட்டரிச் சீட்டுப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. தாய் ரோசா. தாய்வழி உறவினரான கார்ல் வைகர்ட் என்பார், நுண்ணுயிர்களுக்குச் சாயமேற்றிப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர். சிறுவன் பாலுக்குச் சாயப் பித்துப் பிடித்தது அவரால்தான்.

பிரஸ்லாவ் நகரில் உயர்பள்ளிக் கல்வி. இலத்தீனிலும் கணக்கிலும் தேர்ச்சி உண்டு. தாய்மொழிக் கட்டுரை எழுதுவது மட்டும் வேப்பங்காய். வாழ்வு ஒரு கனவு என்னும் பொருளில் கட்டுரை எழுதச் சொன்ன இறுதித் தேர்வில், வாழ்வென்பது வேதியியல் எரிதல் என்றும், கனவென்பது மூளையின் ஒளிர்தல் என்றும் எழுதி ஆசிரியர்களின் சினத்துக்கு ஆளானார் என்று ஒரு கதை சொல்வார்கள். தேர்வுத் தாளை மட்டும் வைத்து மாணவனை எடை போடும் என்னைப் போன்றவர்கள் இக்கதையை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது.

பிரஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். எங்கும் பாடத்தைவிடச் சாயத்தில்தான் நாட்டம். அக்காலம் சாயத் தொழில் செழித்தோங்கிய காலம். 1856 இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தபின், செயற்கைச் சாயங்கள் ஆண்டுதோறும் வந்து குவிந்தன. பிறர் அவற்றால் துணிக்கு நிறமேற்றினர். எர்லிக் உடலின் திசுக்களுக்கு நிறமேற்றினார். 1878 இல் பட்டத்துக்கென அவர் எழுதிய ஆய்வேடும் சாயமேற்றுதல் பற்றியதே. அந்நாள்களிலேயே மாஸ்ட் செல் என்னும் ஒருவகைச் செல்லை அவர் கண்டறிந்து பெயரும் இட்டிருந்தார். பின்னர் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் பிரெரிக்ஸ் என்னும் பேராசிரியரின் கீழ்ப் பணி. பிரெரிக்ஸ் பெருந்தன்மையாளர். இவ்விளைஞரை நோயாளர் கூடத்தில் கட்டிப்போடாமல் ஆய்வுக்கு விட்டுவிட்டார். இரத்தத்தின் வெள்ளணுக்கள் ஒரே இனம் அல்ல, பல இனம் என்று சாயத்தின் துணையால் பிரித்துக் காட்டியது அப்போதுதான். இயோசின் என்னும் செஞ்சாயத்தைப் பற்றுவது ஓரினம்; காரச் சாயத்தைப் பற்றுவது மற்றோரினம்; பெரிய உருண்டை உட்கருவும் சிறிய உடலுமாக எச்செயலுமற்றதுபோல் கிடப்பது இன்னோரினம். இக்கடைசி இனமே லிம்போசைட்டு என்னும் நிணநீர்ச் செல். இதனை எர்லிக் பெரிதாகக் கருதவில்லை. நகரும் ஆற்றல்கூட அதற்கு இல்லை என்றே எண்ணினார். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1882 மார்ச்சு 24 ஆம் நாள் மாலை, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த செய்தியை ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தபோது எர்லிக் அவையில் இருந்தார். காக் கையாண்ட சாயமுறை நீண்ட நேரம் பிடிப்பது. எர்லிக் உடனே வேறு முறை காணும் முயற்சியில் இறங்கினார். ஆறியிருந்த இரும்பு அடுப்பின்மேல் அவர் உலர வைத்த சில்லுகள், பணியாள் தெரியாமல் அடுப்பை மூட்டியதால் சூடேறி, கிருமிகள் முன்னெப்போதையும்விடத் தெளிவாகத் தெரிந்தன என்பர். சில ஆண்டுகள் கழித்து அவருக்கே இருமல் கண்டது. தம் சளியைத் தம் முறையாலேயே ஆய்ந்து, தமக்குக் காசநோய் என்பதைத் தாமே கண்டுகொண்டார். 1888 இல் மனைவி ஹெட்விக்குடன் எகிப்து சென்று, வெப்ப நாட்டுக் காற்றில் உடல் தேறி மறு ஆண்டு திரும்பினார்.

திரும்பியவருக்குப் பதவி இல்லை. பிரெரிக்ஸ் 1885 இலேயே மறைந்துவிட்டார். அடுத்து வந்தவருக்கு ஆய்வில் நாட்டமில்லை. ஐரோப்பா அறிந்த அறிஞர் ஒருவர், மாமனார் வீட்டுப் பொருளுதவியால் பெர்லினில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றைத் தாமே அமைத்துக்கொள்ள நேர்ந்தது. இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1871 இல் ஜெர்மானியப் பேரரசு உருவானபோது யூதர்க்கும் சமவுரிமை சட்டமாயிற்று. ஏட்டில் தடையேதும் இல்லை. ஆயினும் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் இருக்கை என்று வரும்போது, திருமுழுக்குப் பெறாத யூதருக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது. எவரும் காரணத்தை எழுத்தில் தருவதில்லை. பெயர் பட்டியலில் வராது, அவ்வளவுதான். நம் மலரின் வாசகர்களுக்கு இதனை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. மதம் மாறிப் பதவி பெற்றோர் அந்நாளில் பலர். எர்லிக் வழிபாட்டில் ஆழ்ந்தவர் அல்லர். எனினும் பதவிக்காகப் பிறந்த சமயத்தை விட்டு நீங்க அவர் இசையவில்லை. பட்டப்பெயர்களும் மதிப்புறு பதவிகளும் வந்தன. முழுப் பேராசிரியர் இருக்கையோ, பிராங்பர்ட் பல்கலைக்கழகம் புதிதாகத் தோன்றிய 1914 ஆம் ஆண்டில், நோபல் பரிசு பெற்று ஆறாண்டுகள் ஆனபின்பே, அவருடைய அறுபதாம் வயதில் கிட்டிற்று.

1891 இல் காக் தம் நிறுவனத்தில் இடம் தந்தார். அக்காலத்து ஆய்வொன்று நம்மவர்க்குச் சுவையளிக்கும். நம் வேலியோரங்களில் படர்ந்து கிடக்கும் குன்றிமணியிலும், வயலோரத்து ஆமணக்கு விதையிலும் கொடிய நஞ்சுகள் உள்ளன. குன்றிமணி நஞ்சு அப்ரின். ஆமணக்கு நஞ்சு ரிசின். எர்லிக் இவற்றை எலிகளுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கி, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து வந்தார். சில வாரங்களில், சாதாரண எலி மாண்டுபோகும் அளவைப் பன்மடங்கு கடந்தும் அவ்வெலிகள் உயிரோடிருந்தன. ஆனால் ரிசினைத் தாங்கிய எலி அப்ரினைத் தாங்கவில்லை. அப்ரினைத் தாங்கியது ரிசினுக்கு மாண்டது. உடல் பொதுவாக வலுப்பெறவில்லை. குறிப்பிட்ட நஞ்சுக்குக் குறிப்பிட்ட மாற்றை உண்டாக்கிக்கொள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அம்மாற்றுக்கு ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், என்று அவர் இட்ட பெயரே இன்று உலகெங்கும் வழங்குகிறது. தாய் எலியின் பால் வழியே இப்பாதுகாப்பு குட்டிக்கும் செல்கிறது என்பதையும் அவர் மெய்ப்பித்தார்.

தொண்டை அடைப்பான் நோய்க்கு பெரிங் கண்ட சீரம் மருந்து தொடக்கத்தில் நிலையற்றதாக இருந்தது; ஒரு புட்டி குணமாக்கும், மற்றொரு புட்டி பயன்படாது. அதனை அளந்து தரப்படுத்தி, குழந்தைகளின் உயிர் காக்கும் மருந்தாக்கியவர் எர்லிக். முதல் நோபல் பரிசு 1901 இல் பெரிங்குக்குச் சென்றது. மருந்து வருவாயில் தம் பங்கையும் எர்லிக் விட்டுக்கொடுக்கும்படி ஆயிற்று, நட்பும் கசந்தது. அவர் 1899 இல் பிராங்பர்ட் நகரில் புதிதாக எழுந்த நிறுவனத்தின் தலைவராகச் சென்றார்.

அந்த அறையைக் கண்டவர்கள், நாற்காலிகளிலும் தரையிலும் ஏடுகள் குவிந்து, உட்கார இடமின்றி இருந்ததைப் பதிந்துள்ளனர். நாளொன்றுக்கு இருபத்தைந்து சுருட்டுகள் வரை புகைப்பார். சுருட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடியே நடப்பார். உதவியாளர்க்கு அன்றாடப் பணியை வண்ண அட்டைகளில் எழுதியனுப்புவார். ஓய்வு நேரத்தில் துப்பறியும் கதைகள். கோனன் டாயிலின் படம் அவர் அறையில் தொங்கியது. சுருட்டுப் பழக்கம் மாணவர் பின்பற்றத்தக்கதன்று என்பதையும் தலைமையாசிரியன் என்னும் முறையில் சொல்லி வைக்கிறேன்.

அவருடைய கொள்கையின் சுருக்கம் இதுவே. செல்லின் மேற்பரப்பில் நுண்ணிய கைகள் போன்ற பக்கச் சங்கிலிகள் உள்ளன. பூட்டுக்குச் சாவி போல, அவற்றுள் தனக்கு ஏற்றதை மட்டுமே நஞ்சு பற்றும். பற்றப்பட்ட செல் அதே கையை மேலும் மேலும் உண்டாக்கி இரத்தத்தில் உதிர்க்கும். உதிர்ந்த கைகளே எதிர்ப்பொருள்கள். 1897 இல் அவர் வெளியிட்ட இக்கருத்தின் விவரங்கள் சில பின்னாளில் மாறின. செல்லின் மேல் ஏற்பிகள் உள்ளன என்னும் அடிப்படை நிலைத்து நின்றது.

இவ்விடத்தில் எர்லிக்கை ஓர் ஐயம் பற்றிக்கொண்டது. எதனையும் எதிர்க்கும் ஆற்றல் உடலுக்கு உண்டெனில், அது தன்னையே எதிர்த்துக்கொள்ளாதது ஏன்? 1900 ஆம் ஆண்டையொட்டி அவரும் மார்கன்ராத் என்பாரும் ஆட்டுக்கு மற்றோர் ஆட்டின் இரத்தத்தைச் செலுத்திப் பார்த்தனர். அயல் ஆட்டின் சிவப்பணுக்களைக் கரைக்கும் எதிர்ப்பொருள்கள் தோன்றின. தன் சொந்தச் சிவப்பணுக்களைக் கரைப்பவை மட்டும் ஒருபோதும் தோன்றவில்லை. உடலுக்குத் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்வதில் ஓர் அச்சம் இருக்கிறது என்று கொண்ட எர்லிக், அதற்கு இலத்தீனில் ஹாரர் ஆட்டோடாக்சிகஸ் எனப் பெயரிட்டார். தன்னைத் தாக்காதிருக்க உடலில் ஏதோ ஒரு தடை இயங்க வேண்டும் என்பது அவர் துணிபு. அத்தடை எது, எங்கே இருக்கிறது என்பதை அறியும் கருவிகள் அன்று இல்லை.

பிராங்பர்ட்டில் அவர் மேற்கொண்ட பணிகளுள் நம் பாடநூல்கள் குறிப்பிடாதது புற்றுநோய் ஆய்வு. எலியின் மார்பகக் கட்டியைச் சிறு துணுக்குகளாக்கி வேறு எலிகளின் தோலடியில் வைத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். பல்லாயிரக்கணக்கான எலிகள் இவ்வாய்வில் கழிந்தன. வீரியம் குறைந்த கட்டியை முதலில் பெற்று அதிலிருந்து தப்பிய எலிகள், பின்னர் வைக்கப்படும் கொடிய கட்டியையும் ஏற்க மறுத்தன. அம்மை குத்திய குழந்தைக்கு அம்மை வாராதது போன்றது இது.

மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. எலியின் கட்டியை வேறோர் இனமான வெள்ளெலிக்கு வைத்தால் ஏறத்தாழ ஒரு வாரம் செழித்து வளரும். பின்பு சுருங்கி மறையும். மறையுமுன் எடுத்து மீண்டும் எலிக்கு வைத்தால் மறுபடியும் வளரும். எர்லிக் இதற்குத் தந்த விளக்கம் பட்டினி. எலியின் உடலில் மட்டுமே உள்ள ஏதோ ஓர் உணவுப் பொருள் கட்டிக்கு வேண்டும். வெள்ளெலிக்குள் அது தீர்ந்ததும் கட்டி பட்டினியால் மடிகிறது என்றார். அந்த விளக்கம் பொருந்தாது என்பதை இன்று நாம் அறிவோம். ஒரு வாரம் என்பது, அயல் செல்லை இனங்கண்டு படை திரட்ட வெள்ளெலியின் எதிர்ப்பாற்றலுக்கு ஆகும் காலம். அப்படை, எச்செயலுமற்றதென எர்லிக் ஒதுக்கிய நிணநீர்ச் செல். தாம் தேடியது தம் உருப்பெருக்கியின் கீழேயே கிடந்தும் அவர் அதற்குப் பசி என்று பெயர் வைத்தார். பெரியோர் பிழையைச் சொல்வது அவரைக் குறைப்பதாகாது என்று எண்ணியே இதனை எழுதுகிறேன்.

ஆனாலும் உள்ளுணர்வு அவரை வேறு திசைக்கும் செலுத்தியது. 1909 இல் வெளியான கட்டுரையொன்றில் அவர் துணிந்து ஒரு கருத்தை முன்வைத்தார். கருவில் தொடங்கி வாழ்நாள் முழுவதும், நெறிபிறழ்ந்த செல்கள் உடலில் மிகுதியாகத் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. உடலின் காவல் அவற்றை அடக்கி வைக்கிறது. அக்காவல் மட்டும் இல்லையெனில் புற்றுநோய் நினைக்கவும் அஞ்சத்தக்க அளவில் பெருகியிருக்கும் என்பது அதன் சாரம். மெய்ப்பிக்கும் சான்று அவரிடம் இல்லை.

காலமும் அவருக்கு இல்லை. 1908 இல் ருசிய அறிஞர் மெச்னிகாவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டு ஜப்பானியரான சகாச்சிரோ ஹாட்டா, முன்பே செய்து ஒதுக்கி வைத்திருந்த 606 ஆம் எண் சேர்மத்தை மீண்டும் சோதித்து, அது மேகநோய்க் கிருமியைக் கொல்வதைக் காட்டினார். 1910 இல் சால்வர்சான் என்னும் பெயரில் வந்த அம்மருந்து எர்லிக்குக்கு உலகப் புகழையும் அதே அளவு தொல்லையையும் தந்தது. கிருமியை மட்டும் தேடித் தாக்கி உடலை விட்டுவிடும் மந்திரக் குண்டு வேண்டும் என்பது அவர் கனவு. ஆர்சனிக் கலந்த சால்வர்சானோ சிலருக்குத் தீங்கும் செய்தது. அவதூறுகள் எழுந்து வழக்குமன்றம் வரை சென்றன. போர் மூண்டது. 1915 ஆகஸ்டு 20 ஆம் நாள், ஹோம்பர்க் நகரில் எர்லிக் காலமானார். வயது 61. பிராங்பர்ட் யூதர் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வாழ்ந்த நாளிலேயே அவர் நிறுவனம் இருந்த தெருவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருந்தது. இட்லர் ஆட்சியில், 1938 இல், அப்பெயர்ப் பலகை அகற்றப்பட்டது. ஜெர்மானியக் குழந்தைகளின் தொண்டை அடைப்பானைத் தீர்க்கக் காரணமானவர் யூதர் என்பது போதுமான குற்றமாயிற்று. முதிய வயதில் ஹெட்விக் அம்மையார் நாட்டைவிட்டு வெளியேறி, 1948 இல் நியூயார்க்கில் மறைந்தார். போருக்குப் பின் தெருப்பெயர் மீண்டது. நிறுவனமும் அவர் பெயர் பெற்றது. 200 மார்க் பணத்தாளில் அவர் உருவமும் அச்சாயிற்று.

அவருடைய 1909 ஆம் ஆண்டுக் கருத்து உறங்கிக் கிடந்தது. எலிகளின் கட்டி மறைந்தது புற்றுநோய் என்பதால் அன்று, அது வேறோர் எலியின் திசு என்பதால்தான் என்ற எதிர்வாதம் நியாயமானதே. மரபு முழுதும் ஒத்த எலி இனங்கள் உருவான பின்னரே தீர்ப்புச் சொல்ல முடிந்தது. 1957 இல் அமெரிக்காவில் பிரென், மெயின் என்னும் இருவர் அத்தகைய எலிகளில், தன் இனத்துக் கட்டியையே எலியின் உடல் இனங்கண்டு மறுப்பதைக் காட்டினர். ஆஸ்திரேலியர் பர்னட்டும் அமெரிக்கர் தாமஸும் அக்கருத்துக்கு எதிர்ப்பாற்றலின் கண்காணிப்பு என்று வடிவம் தந்தனர். 1974 இல் ஸ்டட்மன் என்பவரின் ஆய்வு அதற்குத் தடை போட்டது. தைமஸ் சுரப்பியின்றிப் பிறக்கும் மயிரற்ற எலிகளுக்கும் மற்ற எலிகளைவிட மிகுதியாகக் கட்டி தோன்றவில்லை. அவ்வெலிகளிடம் வேறு வகைக் காவல் செல்கள் எஞ்சியிருந்தன என்பது பின்னரே தெரிந்தது. 2001 இல் ஷ்ரைபர் குழுவினர் நிணநீர்ச் செல்கள் அற்ற எலிகளை ஆய்ந்து எர்லிக் பக்கம் தீர்ப்பளித்தனர். அவர் கூறி 92 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்படியாயின் காவல் இருந்தும் புற்றுநோய் எவ்வாறு வருகிறது? ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களின் துணுக்குகளை மேற்பரப்பில் ஒரு தட்டில் வைப்பதுபோல் காட்டி நிற்கிறது. டி செல் என்னும் நிணநீர்ச் செல் அத்தட்டைத் தடவிப் பார்த்துச் செல்லும். பிறழ்ந்த புரதம் தட்டுப்பட்டால் அச்செல்லைக் கொல்லும். தொடக்கத்தில் தோன்றும் பிறழ்ந்த செல்களுள் பெரும்பாலானவை இவ்வாறே அழிகின்றன. எளிதில் தென்படுபவை அழிய, தென்படாதவை எஞ்சுகின்றன. அவற்றின் வழித்தோன்றல்களே பெருகுகின்றன. நெல்லுக்குள் நெல்லைப் போலவே வளரும் களை, களையெடுப்பவர் கையிலிருந்து தப்பிப் பெருகுவது போன்றது இது. சில செல்கள் தட்டையே உள்ளிழுத்துக்கொள்கின்றன. சில ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கின்றன. பிரிட்டனில் தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று 16 ஆண்டுகள் நலமாக வாழ்ந்த ஒருவரின் சிறுநீரகங்கள், அவர் இறந்தபின் இருவருக்குப் பொருத்தப்பட்டன. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்ட அவ்விருவருக்குமே அதே தோல் புற்றுநோய் வந்தது. பதினாறு ஆண்டுகள் அவரது உடலின் காவல் அதனைப் பிடித்து வைத்திருந்தது!

எல்லாவற்றினும் நுட்பமான சூழ்ச்சி வேறு. உடல் தன்னைத் தாக்காதிருக்கத் தடை ஒன்று வேண்டும் என்று எர்லிக் சொன்னார் அல்லவா? அத்தடைகள் டி செல்லின் மேலேயே இருந்தன. சி.டி.எல்.ஏ.-4 என்பது ஒன்று. 1992 இல் ஜப்பானியர் ஹோஞ்சோ கண்டறிந்த பி.டி.-1 மற்றொன்று. நலமான திசு, தன்னை நெருங்கும் டி செல்லின் தடையை அழுத்தி, தான் உறவே என்று உணர்த்தித் தப்புகிறது. புற்றுச் செல்லும் அதே விரலால் அதே தடையை அழுத்துகிறது. போதாததற்கு, மற்ற டி செல்களை அடக்குவதற்கென்றே உள்ள ஒழுங்குபடுத்தும் செல்களையும் தன்னைச் சுற்றிச் சேர்த்துக்கொள்கிறது. இச்செல்கள் பற்றிய ஆய்வுக்கே 2025 ஆம் ஆண்டின் நோபல் பரிசு சகாகுச்சி, புருங்கோ, ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. எர்லிக்கின் காவல் ஒருபுறம், எர்லிக்கின் அச்சம் ஒருபுறம். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள சந்தில்தான் புற்றுநோய் குடியிருக்கிறது. இரண்டையும் தனித்தனியே கண்ட அவர், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

அறிவியல் நூல்கள் இதனை விளக்கும்போது, தன்னவர், அயலார், பகைவர் என்றெல்லாம் எழுதுகின்றன. அயலார் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கப்பட்டவர் வரலாற்றைச் சொல்லும்போது அச்சொற்களை எழுத என் கை தயங்குகிறது. புற்றுச் செல் வெளியிலிருந்து வந்ததன்று. அவ்வுடலில் பிறந்து அவ்வுடலின் அடையாளத்தையே அணிந்து நிற்பது.

1996 இல் அமெரிக்கர் அல்லிசன் எலிகளில் சி.டி.எல்.ஏ.-4 தடையை மறைத்து நிற்கும் எதிர்ப்பொருள் ஒன்றைச் செலுத்தினார், கட்டிகள் கரைந்தன. மனிதருக்கான மருந்தாக அது 2011 இலும், பி.டி.-1 தடைக்கான மருந்துகள் 2014 இலும் ஒப்புதல் பெற்றன. அல்லிசனும் ஹோஞ்சோவும் 2018 இல் நோபல் பரிசு பெற்றனர். இம்மருந்துகள் எர்லிக் பெயரிட்ட அதே எதிர்ப்பொருள்கள். மந்திரக் குண்டு என்று அவர் கனவு கண்ட வகையினவே. ஆனால் அவை புற்றுச் செல்லைத் தொடுவதில்லை. காவலனின் கையைக் கட்டியிருந்த கயிற்றை அறுக்கின்றன. எல்லோருக்கும் பலன் கிட்டுவதில்லை. பலன் பெறுவோருள் சிலருக்குக் குடல் புண்ணாகிறது, தைராய்டு சுரப்பி கெடுகிறது, தோல் வெடிக்கிறது. உடல் தன்னைத் தானே தாக்கும் அந்த அச்சம் மருத்துவமனைப் படுக்கையில் கண்ணெதிரே வந்து நிற்கிறது.

விலையோ ஏழைகளுக்கு எட்டாதது. புகையிலையும் பாக்கும் மெல்லும் உழைப்பாளிகள் நிறைந்த நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் மிகுதி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார், வழக்கமாக இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் தரப்படும் பி.டி.-1 தடை மருந்தை, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டுமே, மலிவான வாய்வழி மருந்துகளுடன் சேர்த்துத் தந்து பார்த்தனர். முற்றிய நிலைத் தலை, கழுத்துப் புற்றுநோயாளருள் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர், வாய்வழி மருந்து மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 16. இதனையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43. இம்முடிவு 2022 இல் வெளியாயிற்று. மருந்தின் அளவையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டிருந்த எர்லிக் இதனைக் கண்டிருந்தால், வண்ண அட்டையொன்றை எடுத்து உடனே குறித்திருப்பார்.

பிராங்பர்ட்டில் அவர் எலிக்கு எலி மாற்றி வளர்த்த கட்டியின் வழிவந்த செல்கள் இன்னும் அழியவில்லை. எர்லிக் கட்டி என்னும் பெயரால் நம் நாடு உட்படப் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் அவை இன்றும் ஓர் எலியிலிருந்து மற்றோர் எலிக்கு மாற்றி வளர்க்கப்பட்டு வருகின்றன. புதிய மருந்துகள் அவற்றின்மேல் சோதித்துப் பார்க்கப்படுகின்றன.